தேடிப் போறதோ, குந்தியிருக்கிறதோ? நிலத்தில நிண்டு வில்லால மான் அடிக்கிறதுக்கு எது ஆருக்குச் சரி

கனடாவில வில்லு வேட்டை தொடங்கின எங்கட பெடியள் கனபேர் சுத்திச் சுத்தி ஒரே கேள்வியத்தான் கேக்கினம். மரத்தில பரண் பூட்டி ஏற விருப்பமில்லை, இல்லாட்டி வீட்டுக்காரி விடமாட்டா, நிலத்திலதான் நிக்கப் போறம், அப்ப மானைத் தேடி மெதுவாப் பதுங்கிப் போறதோ, இல்லை ஒரு இடத்தில மறைஞ்சிருந்து வரவிட்டு அடிக்கிறதோ? மறைஞ்சிருக்கிறதெண்டா பத்தைக்குப் பின்னால சும்மா குந்தியிருக்கிறதோ, காசு குடுத்து கூடாரம் வாங்கி விரிக்கிறதோ? தை மாசம் லீவில யாழ்ப்பாணம் வந்து நிக்கேக்கையும் உது விடுதில்லை. விசா வந்து போக நிக்கிற மருமக்கள்மாரும் சேந்து கேக்கினம். சரி, ஒருக்கா வடிவா எழுதி விடுவம்.

அதுக்கு முதல் ஒண்டு. இது முழுக்க கனடாவின்ர ஒன்டாரியோ மாகாணத்துக் கதை, அங்கத்தைய வெள்ளைவால் மான், அங்கத்தைய சட்டம். இலங்கையில மானில கை வைக்கிறது குற்றம், 1937ஆம் ஆண்டில இருந்தே அதுக்கெண்டு கட்டளைச் சட்டம் இருக்குது. வன்னியில முந்தி அப்பு பரண் கட்டி இருந்தவர், தண்ணிக்கு வாற வழியில காவல் கிடந்தவர் எண்டு சொல்லுற கதையள் கதையளாவே இருக்கட்டும். இதை வாசிச்சுப்போட்டு ஆரும் முல்லைத்தீவுப் பக்கம் வெளிக்கிட்டா நான் பொறுப்பில்லை.

## எதை வைச்சு முடிவெடுக்கிறது

துவக்கோட போறவைக்கு மானைக் கண்டா பாதி வேலை முடிஞ்சுது, வில்லுக்காரனுக்கு கண்டாப் பிறகுதான் வேலையே தொடங்குது. மான் 20 யாரில, எங்கட கணக்கில 18 மீட்டரில நிக்கும். நீங்கள் வில்லைத் தூக்கி, நாணை முழுசா இழுத்து, கன்னத்தோட ஊண்டி, குறி பாத்து விடவேணும், அந்த ரெண்டு மூண்டு செக்கன் அசைவை அது காணக்கூடாது. மானுக்கு கண் தலையின்ர ரெண்டு பக்கத்திலயும் கிடக்கிறதால ஏறக்குறைய 300 பாகைக்குப் பாக்கும். நிறம் பெரிசாப் பிடிபடாது, ஓரஞ்சும் சிவப்பும் அதுக்கு மங்கல்தான், ஆனா அசைவெண்டா விடாது. மரத்தில இருக்கிறவன் மானின்ர கண்ணுக்கு மேல நிக்கிறான், நிலத்தில நிக்கிற நாங்கள் நேர கண் மட்டத்தில. அதால என்ர முதல் கேள்வி எப்பவும் இதுதான்: இந்த முறையில நாணை இழுக்க எனக்கு மறைப்பு இருக்குமோ? மிச்சக் கேள்வியெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

அடுத்தது காத்து. கண்ணைப் பேய்க்காட்டலாம், காதையும் ஒரு அளவுக்குப் பேய்க்காட்டலாம், மூக்கை ஏலாது. மணம் போக்கிறதெண்டு விக்கிற ஸ்பிரேயள் ஒண்டும் காத்தைத் திருப்பாது. பிறகு நிலம், எத்தினை ஏக்கர், ஆற்றை காணி, அங்கால பக்கத்துக் காணியில ஆர். பிறகு காலுக்குக் கீழ என்ன கிடக்குது, காஞ்ச சருகோ நனைஞ்ச சருகோ. கடைசியா நீங்கள் எப்பிடிப்பட்ட ஆள், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போனைத் தடவுற ஆளோ, முழங்கால் நோகாமல் குந்த ஏலுமோ, கிழமைக்கு ஒரு நாள்தான் லீவோ. இந்தக் கடைசிய ஆரும் யோசிக்கிறதில்லை, ஆனா கனபேருக்கு முடிவு இதிலதான் கிடக்குது.

## தேடிப் பதுங்கிப் போறது

இதில ரெண்டு வகை இருக்குது, சேத்துக் குழப்பக்கூடாது. ஒண்டு, தூரத்தில மானைக் கண்டுபோட்டு அதை நோக்கிப் பதுங்கிப் போறது. மற்றது, மான் எங்க எண்டு தெரியாமலே காட்டுக்குள்ளால காத்துக்கு எதிரா மெல்ல மெல்லப் போய்க்கொண்டு தேடுறது, இதை அங்க ஸ்டில் ஹன்டிங் எண்டுவினம். ஒன்டாரியோவின்ர தெற்குப் பக்கத்துக் காடுகளில தூரப் பார்வை கிடைக்கிறது குறைவு, அதால நீங்கள் செய்யப்போறது கூட ரெண்டாவதுதான்.

வேகம் எண்டா மணித்தியாலத்துக்கு 100 மீட்டர் போனா அதே கூட. ரெண்டு மூண்டு அடி வைச்சா நிக்கவேணும், நடந்த நேரத்தைவிட நிண்ட நேரம் பல மடங்கா இருக்கவேணும், நிக்கிறதெண்டா மரத்தோட சாஞ்சு நிக்கவேணும், வெட்டையில இல்லை. முழு மானைத் தேடாதேங்கோ, முழு மானாத் தெரிஞ்சா அது உங்களை எப்பவோ கண்டிட்டுது. காட்டில எல்லாம் நிமிந்து நிக்கும், மானின்ர முதுகு மட்டும் கிடையாக் கிடக்கும், அந்தக் கிடைக்கோட்டைத் தேடவேணும். இல்லாட்டி ஒரு காது திரும்புறது, கறுத்த மூக்கு, பின்னங்காலின்ர மடிப்பு. பைனாகுலர் தூரத்துக்கு மட்டுமெண்டு நினைக்கிறவை இருக்கினம், 40 மீட்டரில பத்தைக்குள்ள கிடக்கிற மானைப் பிரிச்சுப் பாக்கத்தான் அது கூடத் தேவை.

நல்ல நாள் எது எண்டா மழை விட்ட காலமை, சருகெல்லாம் பஞ்சு மாதிரிக் கிடக்கும். புதுசா விழுந்த பூ மாதிரி சினோவும் நல்லம், உருகித் திருப்பி உறைஞ்ச சினோ எண்டா அப்பளத்தில நடக்கிற கணக்குத்தான், வீட்டை நில்லுங்கோ. எல்லாத்திலயும் திறம் காத்தடிக்கிற நாளில நிக்கிற சோளத் தோட்டம். சோளன் இலை உரசுற சத்தத்தில மானுக்கு உங்கட கால்சத்தம் கேக்காது, நீங்கள் நிரைக்குக் குறுக்கால போய், ஒவ்வொரு நிரையா தலையை மட்டும் நீட்டி ரெண்டு பக்கமும் பாத்து, இல்லையெண்டா அடுத்த நிரைக்கு. நிரைக்குள்ள மான் படுத்துக் கிடக்கும். கண்டா ரெண்டு நிரை பின்னுக்கு வந்து, சுத்திப் போய், கிட்டவா வெளிக்கிடுறது. கடைசி கொஞ்சத் தூரத்துக்கு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு தடிச்ச மேஸோட போறவையும் இருக்கினம். தோட்டக்காரரிட்டக் கேட்டிட்டுத்தான், விளைஞ்ச சோளத்துக்குள்ள ஆளை விட எல்லாருக்கும் மனம் வராது.

இனி இந்தத் தேடிப் போற முறையின்ர கண்ணுக்குத் தெரியாத செலவு. காசுச் செலவு இதில ஆகக் குறைவு, சத்தம் போடாத கம்பளி உடுப்பு, நல்ல சப்பாத்து, அவ்வளவுதான். நைலோன் ஜக்கெற் போட்டா கை அசைக்கேக்க சரக் சரக் எண்டும், அது வேண்டாம். உண்மையான செலவு மானைக் கலைக்கிறது. பதுங்கிப் போற நாளில கூடவா முடியிறது எப்பிடியெண்டா, நீங்கள் காணாத ஒரு மான் உங்களைக் கண்டு, மூக்கால சீறி, வெள்ளை வாலை நிமித்திக்கொண்டு போறதோட. 500 ஏக்கர் அரச காடெண்டா அது அங்கால போய்ப் படுக்கும், பறவாயில்லை. எங்கட ஆக்களுக்குக் கிடைக்கிறது தெரிஞ்ச தோட்டக்காரரின்ர 50 ஏக்கர், அதிலயும் காடு ஒரு மூலையில. படுக்கிற இடத்தில ரெண்டு தரம் கலைச்சா அது பக்கத்துக் காணிக்குப் போகும், அங்க உங்களுக்குப் போக அனுமதி இல்லை. ரெண்டு பேர் ஒரு காணியில வேட்டையாடினா உங்கட பதுங்கல் மற்றவனின்ர சீசனையும் கெடுக்கும், நட்பும் கெடும்.

இன்னொண்டு உண்ணி. புல்லுக்குள்ளயும் சருகுக்குள்ளயும் முழங்காலில இழுபடுறவைக்கு ஒன்டாரியோவில கறுத்தக்கால் உண்ணி ஏறும், அது லைம் வருத்தத்தைக் காவுற சாதி. காற்சட்டையை மேஸுக்குள்ள விட்டுக் கட்டுங்கோ, வீட்டை வந்த உடன கமக்கட்டு, இடுப்பு, முழங்கால் பின்பக்கம் எல்லாம் பாருங்கோ. இலையுதிர் காலத்திலயும் அது உயிரோடதான் திரியும், குளிர் வந்திட்டுது எண்டு விட்டிடாதேங்கோ.

## பத்தைக்குப் பின்னால குந்தியிருக்கிறது

ஒரு மருமகன் நேர கேட்டான், "மாமா, வில்லோட போய்க் குந்தியிருக்கிறதும் ஒரு வேட்டையோ?" நான் சொன்னன், "குந்தியிருந்து பாத்திட்டு வந்து கேளடா தம்பி."

முதல் நாணை இழுக்கிறதைப் பாருங்கோ. தேடிப் போறவனுக்கு இழுக்கிற இடத்தை மான்தான் தீர்மானிக்குது, குந்தியிருக்கிறவன் இழுக்கிற இடத்தைத் தானே தெரிவு செய்யலாம். மான் வாற தடத்தில ஒரு மொத்த மரம் இருக்கும், மானின்ர தலை அதுக்குப் பின்னால போகேக்க நாண் வரவேணும், வெளியில வரேக்க நீங்கள் இழுத்துப் பிடிச்சபடி நிக்கவேணும். குந்தப்போற இடத்தைத் தேடேக்க நான் மான்தடத்தைப் பாக்கிறதுக்கு முதல் அந்த மரத்தைத்தான் தேடுறது.

பின்புறம் கட்டாயம் தேவை. முன்னால மறைப்பு இருக்கிறதைவிட முதுகுக்குப் பின்னால அகலமான அடிமரமோ, பாறி விழுந்த மரத்தின்ர வேரோ இருக்கிறது முக்கியம், உங்கட உருவத்தின்ர விளிம்பு அதில கரையும். முன்னால வெட்டின கொப்புகளை நெஞ்சளவுக்குச் சாத்தினாக் காணும். ஊரில வேலிக்குச் செத்தை கட்டுற மாதிரி இறுக்கி அடைச்சா வில்லின்ர கீழ்க்கை, கீழ்ப்பக்கத்து வளைவு, அதில தட்டும், அம்பு போகாது. இருக்கிற இடத்தைச் சுத்தி சருகை காலால ஒதுக்கி வெறுமண் ஆக்குங்கோ, இல்லாட்டி மான் வந்து நிக்கிற நேரம் உங்கட குதி அரக்கினாலே போச்சு. கதிரை வேண்டாம், சின்ன முக்காலி ஸ்டூல் காணும். வலக்கைக்காரர் மான் வருமெண்டு நினைக்கிற பக்கத்துக்கு இடத்தோளைக் காட்டி இருக்கவேணும், அப்ப உடம்பைத் திருப்பாமல் இழுக்கலாம்.

காத்தில ஒரு நுணுக்கம். வானிலை அப் காட்டுறது மரத்துக்கு மேல அடிக்கிற காத்து. நிலத்தோட ஓடுறது வேற. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி காத்து மேட்டுப்பக்கம் ஏறும், பின்னேரம் குளிர அது பள்ளத்துக்கு வடியும். காலமை சரியா இருந்த அதே இடம் பின்னேரம் உங்கட மணத்தை நேர மான் படுக்கிற பள்ளத்துக்கு அனுப்பும். அதால காலமைக்கு ஒரு இடம், பின்னேரத்துக்கு ஒரு இடம், காத்து மாறினா எழும்பிப் போறதுக்கு மனம். கொஞ்ச நேரத்தில சரியாகும் எண்டு இருக்கிறதுதான் இந்த முறையின்ர மறைஞ்ச செலவு, ஒரு பின்னேரம் பிழையான காத்தில இருந்தா அந்தத் தடம் கிழமைக்கணக்கில பழுதாப்போம்.

குளிர் வேற. நவம்பர் நடுவில, கிடாய் மான் பெட்டைக்குப் பின்னால அலைஞ்சு திரியிற காலத்தில, நாள் முழுக்க இருந்தாத்தான் பலன். சூரியன் எழும்ப அரை மணித்தியாலம் முதல் தொடங்கி விழுந்து அரை மணித்தியாலம் வரைக்கும் சட்டம் விடுது, ஆனா அசையாமல் இருக்கிற உடம்புக்கு 2 பாகையே கொடுமை. விரல் விறைச்சா நாண் பிடிபடாது.

## கூடாரம்

பொப்-அப் பிளைண்ட் எண்டு விக்கிறது, குடை மாதிரி விரியிற கறுப்புக் கூடாரம். நல்லதுக்கு 200 கனேடியன் டொலரும் அதுக்கு மேலயும் போகும். இதின்ர பெரிய வரம், உள்ளுக்க இருட்டில நீங்கள் நாணை இழுக்கிறதை மான் காணாது. புதுசாத் தொடங்கிறவை, கை நடுங்கிற ஆக்கள், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவை, இவைக்கு இதைவிட வேற வழி பாக்கத் தேவையில்லை.

ஆனா கடையில ஒருத்தரும் சொல்லாத விசயங்கள் இருக்குது. யன்னல் எல்லாத்தையும் திறந்து வைச்சா வெளிச்சம் ஊடுருவி உங்கட உருவம் தெரியும், ஒரு பக்கம் மட்டும் திறக்கவேணும், உள்ளுக்க கறுப்பு உடுப்பு போடவேணும். வில்லில பூட்டியிருக்கிற குறிபாக்கிற முள்ளு அம்புக்கு மேல இருக்குது, முள்ளுக்குள்ளால பாக்க யன்னல் வெறுமையாத் தெரியும், அம்போ அதுக்கு ரெண்டு மூண்டு அங்குலம் கீழ கிடக்கும், விட்டா யன்னல் விளிம்புத் துணியக் கிழிச்சுக்கொண்டு எங்கயோ போகும். வில்லின்ர மேல்க்கை கூரைத் தடியில தட்டும். இதெல்லாத்தையும் வளவுக்குள்ள கூடாரத்தை விரிச்சு, அதே ஸ்டூலில இருந்து, மொட்டை அம்பால அடிச்சுப் பாத்திட்டுத்தான் காட்டுக்குக் கொண்டு போகவேணும். சிப் இழுக்கிற சத்தம் விடியப்பறம் காடு முழுக்கக் கேக்கும். கொண்டுபோய் வைச்ச அண்டைக்கே மான் பழகாது, ரெண்டு கிழமைக்கு முதல் வைச்சு சுத்திவரக் கொப்பு சாத்தவேணும். அரச காடெண்டா அவ்வளவு நாள் விட்டா திருப்பி வரேக்க அது இருக்குமோ எண்டதும் ஒரு கேள்வி. வைச்ச இடம் பிழையெண்டு தெரிஞ்சாலும் தூக்கி மாத்தப் பஞ்சியில அதுக்குள்ளேயே இருப்பியள், காசு குடுத்து வாங்கின சாமானெல்லோ.

துவக்குச் சீசன் நடக்கிற நாளில வில்லுக்காரரும் ஓரஞ்சு வெஸ்ற்றும் தொப்பியும் போடவேணும், அது சட்டம். கூடாரத்துக்குள்ள இருந்தா உங்கட ஓரஞ்சு மற்றவனுக்குத் தெரியாது, அதால வெளியிலயும் ஒரு ஓரஞ்சுத் துணியக் கட்டி விடுங்கோ.

## எந்த முறையெண்டாலும், அடி நிலத்தில இருந்துதான்

20 யாரில நெஞ்சாங்குலை இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு, 20, 25 சென்ரிமீற்றர். மான் பக்கவாட்டில நிக்கவேணும், இல்லாட்டி கொஞ்சம் அங்கால திரும்பி நிக்கவேணும். நேர உங்களைப் பாத்து நிக்கிற மானுக்கு வில்லைத் தூக்கவேண்டாம். நிலத்தில குந்தியிருக்கிறவைக்கு ஆகக் கூடக் கிடைக்கிறது அந்த நேர்ப்பார்வைதான், அதில விடாமல் இருக்கிற மனம் வேணும்.

அம்பு செக்கனுக்கு 80 மீட்டர் மட்டில போகும், நாணின்ர சத்தம் 340 மீட்டர். 18 மீட்டரில அம்புக்கு கால் செக்கன் கூட எடாது, மான் சத்தம் கேட்டுத் துள்ள முதல் கூடவாப் பட்டிடும். அதே 40 யார் எண்டா சத்தம் போய் மான் ஓடுறதுக்காக உடம்பைத் தாழ்த்துறதுக்கு நேரம் காணும், அம்பு முதுகுக்கு மேலால போகும், இல்லாட்டி அதைவிட மோசம், பிழையான இடத்தில படும். விறைச்சுப்போய் காதை நீட்டிக்கொண்டு நிக்கிற மானில இது கூட. பதுங்கிப் போறவை தூரத்தில நிண்டு ஆசைப்படுறது இஞ்சதான்.

பரணில இருந்து அடிச்சா அம்பு நிலத்துக்குள்ள குத்தும், நிலத்தில இருந்து அடிச்சா மானை ஊடறுத்து அங்கால போகும், அதால பின்னால என்ன இருக்குது எண்டு தெரியாமல் விடக்கூடாது. அம்பு வெளியில வாற ஓட்டையும் உயரத்திலதான் இருக்கும், ரத்தம் உள்ளுக்க நிரம்பித்தான் வெளியில வடியும், முதல் கொஞ்சத் தூரத்துக்குத் தடயம் குறைவா இருந்தாப் பதறவேண்டாம். அம்பை எடுத்துப் பாருங்கோ. நுரையோட வெளிர் சிவப்பெண்டா நுரையீரல், அரை மணித்தியாலம் விட்டுப் போங்கோ. கருஞ்சிவப்பெண்டா ஈரல், நாலு மணித்தியாலமாவது. பச்சையும் நாத்தமுமெண்டா குடல், எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே போகவேண்டாம், கலைச்சா பிறகு கிடைக்காது. அடிச்ச மானைத் தேடி எடுக்காமல் வாறவன் என்ர கணக்கில வேட்டைக்காரன் இல்லை.

## அப்ப ஆருக்கு எது

சின்னக் காணி, தெரிஞ்ச தோட்டக்காரர், கிழமைக்கு ஒரு நாள் லீவு, இதுதான் உங்கட நிலைமையெண்டா குந்தியிருங்கோ, வேற யோசிக்கவேண்டாம். எங்கட ஆக்கள் பத்தில எட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும் எண்டு நினைக்கிறன். முதலாவது, ரெண்டாவது சீசன் எண்டா கூடாரம். நாணை இழுத்துப் பிடிக்கிற பயம் தெளிஞ்சாப் பிறகு கூடாரத்தை ஆருக்கும் குடுத்திட்டு பத்தைக்குப் போங்கோ, காத்துக்கு ஏத்தமாதிரி இடம் மாத்துற சுதந்திரம் கூடாரத்தில கிடைக்காது.

வடக்க பெரிய அரச காட்டில கிழமைக்கணக்கா நிக்கப்போறியள், இல்லாட்டி மழை விட்டு நல்ல காத்தடிக்குது, இல்லாட்டி சோளம் இன்னும் வெட்டேல்ல, அப்ப தேடிப் போங்கோ. சின்னக் காணியிலயும் சீசனின்ர கடைசி நாளில தேடிப் போகலாம், கலைச்சாலும் இழக்க ஒண்டுமில்லை. ரெண்டையும் கலந்து செய்யிறதும் நல்லம், காலமை குந்தியிருந்து, மத்தியானம் மெல்ல வேற இடத்துக்குப் போகேக்க தேடிக்கொண்டே போய், பின்னேரம் திருப்பிக் குந்துறது.

வில்லின்ர வகையும் கணக்கு. கொம்பவுண்ட் எண்ட கப்பி பூட்டின வில்லை இழுத்தாப் பிறகு பாரம் அஞ்சில ஒண்டாக் குறையும், மான் மரத்துக்குப் பின்னால நிண்டாலும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். ரிகேவ் எண்ட, கப்பி இல்லாத, நுனி வளைஞ்ச வில்லில முழுப் பாரமும் விரலில, செக்கன்தான் பிடிக்கலாம், அதால இழுக்கிற நேரத்தைத் தெரிவு செய்யக்கூடிய குந்தியிருக்கிற முறைதான் அதுக்குச் சரி. முதலே இழுத்துப் பூட்டிவைச்சு துவக்கு மாதிரி விசையால விடுற குறுக்கு வில்லுக்கு மான் முன்னால இழுக்கிற வேலையே இல்லை, ஒன்டாரியோவில வில்லுச் சீசனில அதுக்கும் அனுமதி இருக்குது, ஆனா பாரமும் நீட்டும் கூட, பத்தைக்குள்ளால பதுங்கிக் கொண்டு போறது பெரிய கரைச்சல். கையால இழுக்கிற வில்லு எதெண்டாலும் 70 றாத்தல் இழுவையை வானத்துக்கு நீட்டித்தான் இழுக்க ஏலுமெண்டா 55க்கு இறக்குங்கோ. குறுக்கு வில்லு இல்லாத மற்ற வில்லுகளுக்கு, மானுக்கு சட்டம் கேக்கிற ஆகக் குறைஞ்ச இழுவை 18 கிலோதான், 40 றாத்தல் மட்டில. நேர மானைப் பாத்தபடி, குந்தினபடி, அசையாமல் இழுக்க ஏலும் வில்லுத்தான் உங்கட வில்லு.

## இஞ்ச நிக்கேக்கையே பழகலாம்

வில்லு இல்லாமலே பாதிப் பாடத்தைப் படிக்கலாம். அங்க வேட்டைக்காரர் மில்க்வீட் எண்ட செடியின்ர பஞ்சைப் பையில வைச்சு ஒவ்வொண்டாப் பறக்கவிட்டுக் காத்துப் பாப்பினம். எங்கட எருக்கலை அதே குடும்பம், நெத்து வெடிச்ச பஞ்சு எந்த ஒழுங்கையிலயும் கிடைக்கும். வாடைக்காத்து அடிக்கிற தை மாசத்தில ஒரு நுள்ளுப் பஞ்சை மதிலோரத்தில நிண்டு விட்டுப் பாருங்கோ, நேர போகாது, மதில் தாண்டினவுடன சுழண்டு உங்களிட்டயே திருப்பி வரும். மரத்தடிக்குப் பின்னால குந்தியிருக்கேக்க உங்கட மணமும் அப்பிடித்தான் சுழலும்.

நடை பழக பனங்காணிக்குள்ள போங்கோ. காவோலையில பாதத்தின்ர வெளி விளிம்பை முதல் வைச்சு, கீழ என்ன கிடக்குது எண்டு உணர்ந்து, பிறகு மெல்ல உள்ளுக்குச் சாய்க்கவேணும், பாரத்தை கடைசியாத்தான் இறக்கிறது. சத்தமில்லாமல் காவோலையில நடக்கப் பழகினவனுக்கு மேப்பிள் சருகு பெரிய விசயமில்லை. கமரா இருந்தா நெடுந்தீவுக்குப் போய்க் குதிரையளில பழகிப் பாக்கலாம், ஆளுக்குப் பழகின குதிரைதான், ஆனாலும் நீங்கள் வாறது தெரிஞ்சா முதல் காதுதான் திரும்பும், அந்தக் காதைப் பாத்து நிக்கப் பழகலாம். குறிகட்டுவானில இருந்து போற படகு நேரத்தை முதல் கேட்டு வைச்சுக்கொண்டு போங்கோ. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எண்டு சிவப்புப் போட் கண்டா மட்டும், நரியோ மயிலோ எது நிண்டாலும் றோட்டை விட்டு இறங்கவேண்டாம்.